தாலந்தும் அதன் விலையும்

தாலந்து என்னும் சொல் திருமறை வழியாகவே நம் மொழியில் நிலைபெற்றது. ஆதியில் அது திறமையைக் குறித்த சொல்லன்று; ஒரு நிறையின் பெயர்; அந்த நிறையுள்ள வெள்ளியின் பெயர். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் உவமையின் செல்வாக்கினால், அச்சொல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும், நம் சபைத் தமிழிலும், இயற்கையாக அமைந்த ஆற்றலைக் குறிக்கலாயிற்று. பணத்தின் பெயர் திறமையின் பெயரான இம்மாற்றம் ஓர் உண்மையை உள்ளடக்கியிருக்கிறது. பணம் இருக்குமிடத்தில் கணக்கு உண்டு. கணக்கு இருக்குமிடத்தில் வரவு மட்டுமன்று, செலவும் உண்டு.

அரிய திறமை படைத்த ஒருவர் அதன்பொருட்டு உடல்நலத்தையும் இல்லறத்தையும் இழப்பாராயின், அத்திறமை அவ்விலைக்குத் தகுந்ததுதானா? இவ்வினா நம் மாணவருக்கும் ஆயர்களுக்கும் புறம்பானதன்று. ஆண்டுதோறும் சபைகள் தம்முள் சிறந்த இளைஞரைத் தெரிந்தெடுத்து மேற்படிப்பிற்கும் பெரும் பொறுப்புகளுக்கும் அனுப்பிவருகின்றன. அவர்களோடு அவர்தம் மனைவியரும் பெற்றோரும் பிள்ளைகளும் செலவுக் கணக்கில் சேர்க்கப்படுகின்றனர். ஆகவே இவ்வினாவைக் கருத்தளவில் மட்டும் ஆராயாமல், சென்னை மயிலாப்பூரோடு தொடர்புடைய இரு வாழ்க்கை வரலாறுகளைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மயிலாப்பூருக்கு வந்த நோயாளி

இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை என வழங்கும் தெரு முன்னாளில் எட்வர்ட் எலியட்ஸ் சாலை எனப்பட்டது. 1919ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அச்சாலையிலிருந்த ஒரு மாளிகைக்கு முப்பத்தொரு வயதுடைய நோயாளி ஒருவர் அழைத்துவரப்பட்டார். சில நாள்களுக்குப் பின் அவர், பழைய லஸ் தேவாலயத்தின் பெயரைத் தாங்கிய லஸ் சர்ச் சாலையில் வேங்கட விலாஸ் என்னும் இல்லத்திற்கு மாற்றப்பட்டார். அவரே கணிதமேதை சீனிவாச இராமானுஜன்.

அப்போது அவர் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தெரிந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர். இவ்விரு பெருமைகளும் 1918ஆம் ஆண்டில் அவருக்குக் கிட்டின. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும் வழங்க முன்வந்திருந்தது. ஆயினும் இவற்றையெல்லாம் அனுபவிக்கும் உடல் அவருக்கு இல்லை. மயிலாப்பூரிலிருந்து கொடுமுடிக்கும், அங்கிருந்து கும்பகோணத்திற்கும், மீண்டும் சென்னைக்கும் கொண்டுசெல்லப்பட்ட அவர், 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சேத்துப்பட்டில் காலமானார். வயது முப்பத்திரண்டு. கடல் கடந்து சென்றவர் என்னும் காரணத்தால் உறவினர் சிலர் இறுதிச் சடங்கிற்கும் வரவில்லை.

2. கும்பகோணம் முதல் கேம்பிரிட்ஜ் வரை

அவ்வாழ்வின் முற்பகுதி பலரும் அறிந்ததாதலின் சுருங்கக் கூறுவோம். 1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், ஏறத்தாழ 5000 கணித முடிபுகளை நிரல்படக் கூறும் கார் என்பவரின் தொகுப்பு நூலைப் பள்ளிப் பருவத்திலேயே கண்டார். அந்நூலில் முடிபுகள் உண்டு. விரிவான நிறுவல்கள் இல்லை. அவற்றைத் தாமே நிறுவப் புகுந்த மாணவர், ஏனைய பாடங்கள் அனைத்தையும் மறந்தார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டமில்லை, வேலையில்லை, பல நாள் உணவுக்கும் வழியில்லை.

1910ஆம் ஆண்டிற்குப் பின்னரே அவரைப் புரிந்துகொண்டோர் தோன்றினர். இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய வி. இராமசாமி ஐயர் அவரை அடையாளங் கண்டார். நெல்லூர் ஆட்சியராயிருந்த இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பொருளுதவி செய்தார். 1912 மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கிருந்து 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் அவர் வாழ்வை மாற்றியது. அவ்வாண்டிலேயே பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது. 1914 மார்ச் 17ஆம் நாள் அவர் கப்பலேறினார். கல்விக்காகப் பெற்ற ஆண்டு உதவித்தொகை 250 பவுனில் 50 பவுன் குடும்பத்திற்கென ஒதுக்கப்பட்டது.

இங்கிலாந்தில் அவர் ஆற்றிய பணிக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். நான்கு என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரித்து எழுதலாம். எண் பெரிதாகப் பெரிதாக இவ்வகைகள் பெருகுகின்றன. 200 என்னும் எண்ணுக்கு அவை 39,72,99,90,29,388 ஆகின்றன. ஒவ்வொன்றாக எண்ணாமல் இத்தொகையை அணுகிக் கண்டறியும் வழியை இராமானுஜனும் ஹார்டியும் 1918இல் வெளியிட்டனர். அதற்கு முன் அத்தகைய வழி ஒருவருக்கும் தெரியாது. திறமையின் பெருமையில் நமக்கு ஐயம் எழ இடமில்லை.

3. விலையைப் பகுத்து நோக்கல்

இனி விலைக்கு வருவோம். இராமானுஜன் செலுத்திய விலையைப் பொதுவாக ஒரே தொகையாகக் கூறிவிடுகின்றனர். மேதையின் விதி அப்படித்தான் என்று பெருமூச்சுவிடுவோரும் உண்டு. வரலாற்றாசிரியன் அவ்வாறு கூறி அமைதல் ஆகாது. கடைக்காரர் தரும் சீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே விலை குறித்திருப்பதுபோல, இவ்விலையையும் பகுத்து நோக்கவேண்டும்.

முதலாவது, அத்திறமையே கேட்ட விலை. இரவு பகலாக ஒன்றையே எண்ணுதல், உலகியல் மறத்தல், புரிந்துகொள்வோர் இன்மையால் வரும் தனிமை ஆகியன இதனுள் அடங்கும். இவ்விலையை இராமானுஜன் விருப்பத்தோடு செலுத்தினார். மரணப் படுக்கையிலும் அவர் எழுதிக்கொண்டிருந்தார் என்பதே இதற்குச் சான்று. 1920 ஜனவரி 12ஆம் நாள் ஹார்டிக்கு அவர் எழுதிய இறுதிக் கடிதத்தில், போலித் தீட்டாச் சார்புகள் எனத் தாம் கண்டறிந்த புதியனவற்றை அறிவித்தார். அவற்றின் உட்பொருள் எண்பது ஆண்டுகளுக்குப் பின், 2002ஆம் ஆண்டளவில்தான் கணித அறிஞருக்குத் தெளிவாயிற்று.

இரண்டாவது, மனிதர் சுமத்திய விலை. எல்லாப் பாடங்களிலும் தேறினாலன்றி மேலே செல்லவிடாத தேர்வு முறை பல ஆண்டுகளை விழுங்கியது. இராமானுஜன் வாழ்வின் துயரம் அவர் இளமையில் இறந்ததன்று, பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரை அவர் திறமை வழிகாட்டுதலின்றித் திசைமாறிக் கிடந்ததே என்பது ஹார்டியின் கருத்து. அம்முறையும் தொடர்ந்த வறுமையும் திறமை கேட்ட விலைகள் அல்ல.

மூன்றாவது, காலமும் அறியாமையும் சேர்ந்து வாங்கிய விலை. அவர் சென்ற சில மாதங்களில் முதல் உலகப்போர் மூண்டது. புலாலுண்ணாத அவருக்குத் தக்க உணவு கிடைப்பது அரிதாயிற்று. தாயகம் திரும்பும் வழியும் அடைபட்டது. 1917இல் நோய்வாய்ப்பட்ட அவர், ஒரு மருத்துவ விடுதியிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொண்டிருந்தார். 1918இன் தொடக்கத்தில் இலண்டன் சுரங்க இரயில் நிலையமொன்றில் தம் உயிரைப் போக்கிக்கொள்ளவும் முயன்றார், நற்பேறாகக் காப்பாற்றப்பட்டார். உலகம் அவருக்குப் பெரும் பட்டங்களை வழங்கியது இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே என்பதை ஆத்தும விசாரணை செய்யும் நாம் மனத்தில் கொள்ளவேண்டும். புகழின் வாயிலில் நிற்பவர் உள்ளத்தில் நம்பிக்கை இருக்கும் என நாம் எளிதில் கருதிவிடுகிறோம்.

அவருடைய நோய் காசநோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் 1994இல் மருத்துவர் யங் அக்கால மருத்துவக் குறிப்புகளை மீண்டும் ஆராய்ந்து, அது பெரும்பாலும் கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாயிருக்கலாம் என்னும் முடிவுக்கு வந்தார். இளமையில் சென்னையில் கண்ட சீதபேதியின் எச்சமாக அது பல ஆண்டுகள் உடலில் தங்கியிருக்கக்கூடும். இக்கருத்து ஐயத்திற்கு முற்றும் அப்பாற்பட்டதன்று. எனினும் உண்மையாயின், அந்நோய்க்கு அக்காலத்திலேயே மருந்து இருந்தது. அப்படியாயின் அவர் உயிரை வாங்கியது கணிதமன்று. கண்டறியப்படாத ஒரு நோய். அதனை மேதையின் விதி என்பது நம் கவனக்குறைவிற்கு நாமே சூட்டும் அழகிய பெயராகும்.

4. கணக்கில் எழுதப்படாதவர்

இவ்வளவும் இராமானுஜன் தாமே செலுத்தியவை. அவர்பொருட்டுப் பிறர் செலுத்தியதும் உண்டு. 1909 ஜூலையில் அவர் ஜானகியை மணந்தபோது மணமகளுக்கு வயது பத்து. கணவரும் மனைவியும் ஒரே வீட்டில் வாழ்ந்தது கப்பலேறுமுன் சிறிது காலம், திரும்பிய பின் ஓராண்டு, அவ்வளவே. கணவர் சீமையிலிருந்தபோது அம்மையார் எழுதிய கடிதங்கள் அவரைச் சேரவில்லை. மாமியார் அவற்றைத் தடுத்தார் என வரலாறு எழுதியோர் கூறுகின்றனர். 1919 மார்ச்சில் பம்பாய்த் துறைமுகத்தில் இராமானுஜனை அன்னையும் தம்பியும் எதிர்கொண்டனர்; மனைவி அங்கில்லை. மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலை இல்லத்தில்தான் ஜானகி அம்மாள் கணவரிடம் வந்து சேர்ந்தார். வந்தவருக்குக் கிடைத்தது இல்லறமன்று, நோயாளியைப் பேணும் பணி. அதனை அவர் இறுதிவரை செய்தார்.

கணவர் இறந்தபோது அம்மையாருக்கு வயது இருபத்தொன்று. அதன்பின் எழுபத்துநான்கு ஆண்டுகள் அவர் உயிர் வாழ்ந்தார். சில ஆண்டுகள் பம்பாயில் தமையனாரோடிருந்து தையற்கலை கற்று, சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியமர்ந்தார். பல்கலைக்கழகம் தந்த சிறு ஓய்வூதியமும் தையல் வருவாயுமே அவருக்கு ஆதாரம். ஒரு பையனை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். கணவருக்குச் சிலை வைப்பதாகக் கூறியவர்கள் வைக்கவில்லையே என அவர் முதுமையில் வெளிப்படுத்திய ஆதங்கத்தைச் செய்தித்தாள் வாயிலாக அறிந்த வெளிநாட்டுக் கணித அறிஞர்கள், அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்டைக் கொண்டு ஒரு மார்பளவுச் சிலை செய்வித்து 1985இல் அவருக்கு அளித்தனர். 1994 ஏப்ரலில் அம்மையார் மறைந்தார்.

இராமானுஜனின் இறுதிக் காலத் தாள்கள் பல்கலைக்கழகம் வழியாக ஹார்டியைச் சேர்ந்து, பல கைகள் மாறி, 1976இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஆண்டுரூஸ் என்னும் அமெரிக்க அறிஞரால் கண்டெடுக்கப்பட்டன. உலகம் போற்றும் அத்தாள்கள் எழுதப்பட்டபோது, எழுதியவருக்கு ஒத்தடம் கொடுத்தும் உணவளித்தும் அருகிருந்தவர் ஜானகி அம்மாள். தாலந்தின் வரவில் அவருக்கும் பங்குண்டு. ஆனால் செலவைச் செய்யுமுன் அவரை ஒருவரும் கேட்டதில்லை.

இராமானுஜனும் தம் வரவைத் தமக்கென்று வைத்துக்கொள்ள எண்ணியவரல்லர். 1919 ஜனவரி 11ஆம் நாள் நோய்ப் படுக்கையிலிருந்து பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அவர் எழுதிய கடிதம் இதனைக் காட்டும். தமக்கென ஒதுக்கப்பட்ட தொகை தேவைக்கு மிகுதி என்றும், பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்து, தம் செலவுகளும் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர், ஆதரவற்றோர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்திற்கும் புத்தகங்களுக்கும் பயன்படுத்தவேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். கட்டணத்தாலும் தேர்வாலும் துன்புற்றவர், தம் விலையை மற்றொரு சிறுவன் செலுத்தலாகாது என்று எண்ணினார் போலும். இச்செயல் அவர் கண்ட சூத்திரங்களுக்குக் குறைந்ததன்று.

5. அதே சாலையில் மற்றோர் இல்லம்

இராமானுஜன் வந்து தங்கிய எட்வர்ட் எலியட்ஸ் சாலையிலேயே பின்னர்ச் சந்திர விலாஸ் என்னும் இல்லம் எழுந்தது. அது வானியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் குடும்ப இல்லம். இவருடைய அன்னை சீதாலட்சுமி பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். பள்ளிக் கல்வி மிகுதியாகக் கிட்டாதவராயினும், இப்சன் எழுதிய பொம்மை வீடு நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். இல்லத்தில் அடைபட்ட ஒரு பெண் கதவைத் திறந்து வெளியேறும் கதை அது.

1930ஆம் ஆண்டு ஜூலை இறுதியில், பத்தொன்பது வயதுச் சந்திரசேகர் கேம்பிரிட்ஜுக்குப் புறப்படும் வேளையில் அன்னையார் கடும் நோயுற்றிருந்தார். திரும்பி வரும்போது அவர் இருக்கமாட்டார் என்பது வீட்டார் அறிந்ததே. மகன் போகவேண்டாமென உறவினர் தடுத்தனர். போகத்தான் வேண்டும் என வற்புறுத்தியவர் அன்னையே. அக்கப்பற் பயணத்தில் சந்திரசேகர் செய்த கணக்குகளே, விண்மீன்களின் முடிவைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற வரம்புக்கு அடிப்படையாயின. 1931 மே 21ஆம் நாள் அன்னை மறைந்தார். 1933இல் மகன் டிரினிட்டி ஆய்வுறுப்பினரானார். இராமானுஜனுக்குப் பின் அப்பேறு பெற்ற முதல் இந்தியர் அவரே. 1983இல் நோபல் பரிசும் பெற்றார்.

1936இல் தாயகம் வந்த சந்திரசேகர், ஹார்டியின் வேண்டுகோளுக்கிணங்க ஜானகி அம்மாளைத் தேடிக் கண்டு, இராமானுஜனின் கடவுச்சீட்டுப் படத்தைப் பெற்றார். இன்று உலகெங்கும் நாம் காணும் இராமானுஜன் உருவம் இவ்வாறு கிடைத்ததே. அவ்வாண்டு செப்டம்பரில் அவர் மணந்த லலிதா அம்மையாரும் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். திருமணத்திற்குப் பின் தம் துறைப் பணியைத் தொடரவில்லை. ஒன்றையே நோக்கி நடந்த தம் வாழ்வில் பிற பகுதிகள் குன்றிப்போயின என்பதைச் சந்திரசேகர் முதுமையில் தம் வரலாற்றை எழுதியவரிடம் ஒப்புக்கொண்டார்.

இவ்விரு இல்லங்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சந்திரசேகரின் அன்னை விலையை அறிந்தார். தாமே அதைச் செலுத்த முன்வந்தார். ஆகவே அது கொடையாயிற்று. ஜானகி அம்மாளிடம் வாங்கப்பட்டது கொடையன்று, கேளாமல் எடுத்தது. இரண்டையும் தியாகம் என்னும் ஒரே சொல்லால் குறிப்பது சரியன்று.

6. செராம்பூரின் நிழல்

நம் திருச்சபை வரலாற்றில் இவ்வினா இல்லையெனக் கூறமுடியாது. நம்முள் பலர் செராம்பூர்ப் பட்டம் பெற்றவர்கள். அக்கல்லூரியை 1818இல் நிறுவிய மூவருள் ஒருவரான வில்லியம் கேரியின் மொழித்திறமை ஒப்பற்றது. ஆனால் 1793இல் அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது மனைவி டாரதி முதலில் வர மறுத்தார். கைக்குழந்தையோடிருந்த அவர், தம் தங்கை உடன்வருவதாகக் கூறியபின்னரே இசைந்தார். அடுத்த ஆண்டே வங்காளத்தில் அவர்களுடைய ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். டாரதியின் மனநிலை திரிந்தது. 1807இல் இறக்கும்வரை அவர் தெளிவு பெறவில்லை. ஓர் அறையில் மனைவி அலறிக்கொண்டிருக்க, மறு அறையில் திருமறை மொழிபெயர்ப்பு நடந்தது எனலாம். அம்மொழிபெயர்ப்புகளுக்காக நாம் நன்றி செலுத்துகிறோம், செலுத்தவும் வேண்டும். ஆயினும் டாரதியைக் கேரியின் பணிக்கு நேர்ந்த இடையூறாகக் காட்டும் வழக்கம் நம் பிரசங்க மேடைகளில் நெடுங்காலம் இருந்தது. இடையூறு அல்லர் அவர், விலை செலுத்தியவர்.

7. முடிவுரை

தாலந்து உவமையைக் கொண்டு, திறமையுள்ளோரை எவ்விலை கொடுத்தேனும் உழைக்கத் தூண்டுகிறோம். அவ்வுவமையில் எஜமான் கணக்குக் கேட்பது தாலந்தைப் பெற்ற ஊழியரிடமே. அண்டை வீட்டாரின் வெள்ளியை எடுத்து வாணிகம் செய்ய அவர் யாருக்கும் உரிமை தரவில்லை. லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டுமெனக் கூறப்படுகிறது. அங்கும் கணக்கிடுபவனும் செலவிடுபவனும் ஒருவனே. ஒருவர் கணக்கிட மற்றவர் செலுத்துமிடத்தில் உவமையின் ஒழுங்கு கெடுகிறது.

ஆகவே, அரிய திறமை அதன் விலைக்குத் தகுந்ததா என்னும் வினாவிற்கு நம் விடை இது. திறமை தானே கேட்கும் விலையை அதனைப் பெற்றவர் மனமுவந்து செலுத்துவாராயின், அது தகுந்ததே. இராமானுஜனின் இறுதித் தாள்கள் அதற்குச் சாட்சி. மனிதரின் கவனக்குறைவு வாங்கும் விலை எத்திறமைக்கும் தகுந்ததன்று; அது தவிர்க்கக்கூடியது. பிறரிடம் கேளாமல் வாங்கும் விலையோ, எத்தனை சூத்திரங்களாலும் எத்தனை மொழிபெயர்ப்புகளாலும் ஈடுசெய்ய இயலாதது; அதனை வரலாறு மறைக்காமல் எழுதிவைக்கவேண்டும்.

இதன்படி நாம் செய்யத்தக்கன சில உள. ஒருவரைப் பெரும்பணிக்குத் தெரிந்தெடுக்கும்போது அவர் மனைவியை அல்லது கணவரைத் தனியே அழைத்துக் கேட்கவேண்டும். இல்லை என்னும் விடைக்கும் இடம் தந்து கேட்கவேண்டும். தொலைவில் படிப்போர் உண்கின்றனரா, உறங்குகின்றனரா, கடிதம் பெறுகின்றனரா என்பதை விசாரிப்பதை நிருவாகச் செயலாக அல்ல, ஆயத்துவப் பணியாகவே கருதவேண்டும். ஒரு பாடத்தில் ஒளிர்ந்து மற்றவற்றில் தவறும் மாணவரை உதவாதவர் எனத் தள்ளுமுன், பச்சையப்பன் கல்லூரியில் தவறிய அம்மாணவரை நினைவுகூரவேண்டும். நம் திருச்சபையின் நினைவு நாள்களில் மேதைகளின் பெயரை வாசிக்கும்போது, அருகிருந்து விலை செலுத்தியோர் பெயரையும் சேர்த்து வாசிப்போமாக.